மறந்தவர் யார்?

செய்ந்நன்றி மறத்தலைத் தமிழ்ச் சான்றோர் பெரும்பழி என்றனர். வாங்கிய கடனை மறப்பதைச் சட்டமும் பொறுப்பதில்லை. ஆனால் நாம் ஒருபோதும் கண்டிராத மனிதரை, நமக்குப் பல தலைமுறை முன்னே வாழ்ந்து மண்ணோடு மண்ணானவரை மறப்பது குற்றமாகுமா? அவர்களை நினைவில் வைக்கும் கடமை நமக்கு உண்டு என்றால், அக்கடமை யாரிடம் தொடங்கி யாரோடு முடிகிறது? அரசரோடு முடிகிறதா? தளபதியோடு முடிகிறதா? கோட்டைச் சுவருக்குக் கல் சுமந்த பெயரறியாக் கூலியாள் வரையிலும் அது நீள்கிறதா?

இவ்வினா வரலாற்று ஆசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று. குடும்பத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாட்டியும், ஊர்க்கோயிலின் வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை எழுதும் ஆசிரியரும், கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றும் நாம் ஒவ்வொருவரும் இதற்கு ஏதோ ஒரு விடையை நம்மை அறியாமலே தந்துகொண்டுதான் இருக்கிறோம். அவ்விடை நேர்மையானதா என்று எண்ணிப் பார்க்க, பழமையைத் திரட்டுவதற்கே தன் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு மனிதரின் கதை நமக்குத் துணைபுரியும்.

ஓர் அலுவலரின் இரண்டாம் வாழ்க்கை

விக்டோரியா அரசியின் காலத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்த ஆங்கில அலுவலர் சிலர் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தனர். பகலில் அவர்கள் நிலவரி, வழக்கு, சாலை, ஏரி ஆகியவற்றைக் கவனித்தனர். எஞ்சிய பொழுதில் கல்வெட்டுகளையும் காசுகளையும் பழைய போர்களின் கதைகளையும் தேடினர். இவர்களுள் முதல் வரிசையில் வைக்கத்தக்கவர் இராபர்ட் சூவெல். 1845இல் பிறந்து 1925இல் மறைந்தவர். சென்னைக் குடிமைப் பணியில் இருந்தவர்.

கிருஷ்ணா மாவட்டத்தில் பணியாற்றியபோது, 1877இல் அமராவதிப் பௌத்தத் தூபி இருந்த இடத்தில் அவர் அகழ்வாய்வு செய்தார். அதன் அறிக்கை 1880இல் வெளிவந்தது. பின்னர் மாகாணம் முழுவதிலும் உள்ள தொன்மைச் சின்னங்களை ஊர்வாரியாகப் பட்டியலிடும் பெரும்பணியை மேற்கொண்டார். அப்பட்டியல்கள் 1882இலும் 1884இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தன. மாவட்டம், வட்டம், ஊர் என்று வகுத்து, எந்த ஊரில் எந்தக் கோயில், எங்கே கல்வெட்டு, எங்கே இடிந்த கோட்டை என்று அவை வரிசைப்படுத்துகின்றன. கள்ளக்குறிச்சி வட்டத்தை உள்ளடக்கியிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டமும் அவற்றுள் அடங்கும்.

1896இல், சங்கர் பாலகிருஷ்ண தீட்சித் என்னும் மராட்டிய வானியல் அறிஞருடன் இணைந்து இந்திய நாட்காட்டி பற்றிய நூலை வெளியிட்டார். சக ஆண்டும் திதியும் நட்சத்திரமும் குறிக்கப்பட்ட ஒரு கல்வெட்டு, ஆங்கில ஆண்டில் எந்நாளுக்கு உரியது என்று கணக்கிட்டுக் கண்டறிய அந்நூல் வழிசெய்தது. 1900இல் விஜயநகரப் பேரரசின் வரலாற்றை எழுதினார். டொமிங்கோ பயஸ், பெர்னாவோ நூனிஸ் என்னும் போர்ச்சுக்கீசியர் இருவர் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிவைத்த குறிப்புகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அந்நூலோடு இணைத்தார். கிருஷ்ணதேவராயரின் இராய்ச்சூர்ப் போரும், பேரரசை வீழ்த்திய 1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போரும் அந்நூலில் விரிவாகப் பேசப்படுகின்றன. அவர் மறைந்து ஏழாண்டுகள் கழித்து, 1932இல், தென்னிந்திய வரலாற்றுக் கல்வெட்டுகள் பற்றிய அவரது கடைசி நூலைச் சா. கிருஷ்ணசாமி ஐயங்கார் பதிப்பித்தார். இறக்கும் வரை அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை என்பதற்கு அது சான்று.

சூவெல் தனியாள் அல்லர். தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டை 1878இல் எழுதியவர் ஜான் ஹென்றி கார்ஸ்டின். அவர் பின்னாளில், 1890–91இல், சில வாரங்கள் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் இருந்தார். சென்னைப் படையின் வரலாற்றை ஐந்து தொகுதிகளாக 1882 முதல் 1889 வரை வெளியிட்டவர் படைத்தலைவர் டபிள்யூ. ஜே. வில்சன். கள்ளக்குறிச்சியையும் கல்வராயன் மலையையும் பற்றி இன்று யார் எழுதப் புகுந்தாலும், இவர்கள் இட்ட பாதையின் மேல் ஒருமுறையேனும் கால் வைத்தே ஆகவேண்டும்.

நன்றியும் ஐயமும்

இவர்களுக்கு நாம் நன்றி செலுத்த வேண்டுமா? இங்கே இரு குரல்கள் எழுகின்றன.

அவர்கள் திரட்டியிராவிடில் எத்தனையோ கல்வெட்டுகள் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிருக்கும் என்கிறது ஒரு குரல். இதில் உண்மை உண்டு. அமராவதியில் நிகழ்ந்ததே அதற்குச் சான்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரில் புதிய நகரம் எழுப்பிய ஜமீன்தாரின் ஆட்கள் தூபியின் பளிங்குக் கற்களைப் பெயர்த்துக் கட்டடங்களுக்குப் பயன்படுத்தினர். ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. அடுத்து வந்த ஆங்கிலேயர், தோண்டி எடுத்த சிற்பங்களைச் சென்னைக்கும் இலண்டனுக்கும் அனுப்பினர். சூவெலின் அகழ்வாய்வுக்குப் பின், 1880இல், ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் ஆணைப்படி எஞ்சிய மேடும் முற்றாகத் தோண்டப்பட்டது. அடுத்து அங்கு வந்த தொல்லியல் அறிஞர் ஜேம்ஸ் பர்ஜஸ், ஆய்வுக்கு அடிப்படையான அடுக்குகள் அழிந்துபோனதைக் கண்டு வருந்தினார். அழித்தவரும் காத்தவரும் இருவேறு இனத்தார் என்று எளிதில் பிரித்துவிட இயலாது. காக்கும் ஆர்வமே அழிவாக முடிவதும் உண்டு.

இவை யாவும் ஆளுவதற்காகத் திரட்டப்பட்ட அறிவு என்கிறது மற்றொரு குரல். நிலத்தையும் மக்களையும் பிடியில் வைத்திருக்கவே கையேடுகள் எழுதப்பட்டன; ஆகவே அவற்றுக்கு நாம் கடன்பட்டவர் அல்லர் என்பது அதன் வாதம். இதிலும் உண்மை உண்டு. ஒரு மாவட்டக் கையேட்டில் கோயிலின் வரலாறும் நிலவரியின் கணக்கும் ஒரே அட்டைக்குள் இருப்பது தற்செயலன்று.

நம் கருத்து இரண்டுக்கும் இடைப்பட்டது. ஓர் உண்மை, அதைச் சொன்னவரின் நோக்கத்தால் பொய்யாகிவிடாது. வரி வாங்க வந்தவர் படித்தாலும் கல்வெட்டின் எழுத்து அதே எழுத்துத்தான். ஆனால் சொன்னவரின் நோக்கம், அவர் சொல்லாமல் விட்டது எது என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே அவரது சொற்களை நன்றியுடன் ஏற்போம். அவரது மௌனங்களை வினவுவோம். நன்றிக்கும் வினாவுக்கும் பகை இல்லை. தந்தையின் உழைப்பால் உண்ட மகன், தந்தை யாருக்குக் கூலி கொடுக்காமல் விட்டார் என்று கேட்பது நன்றிகேடு ஆகாது.

அம்மௌனங்களுள் ஒன்று நம் நெஞ்சைத் தைப்பது. சூவெல் அமராவதியில் அகழ்ந்த 1877ஆம் ஆண்டு, தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை விழுங்கிக்கொண்டிருந்த ஆண்டு. 1876 முதல் 1878 வரை நீண்ட அப்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் பல இலட்சம் பேர் மாண்டனர். கல்வராயன் மலையின் ஒரு பகுதியைத் தன்னகத்தே கொண்டிருந்த அன்றைய சேலம் மாவட்டம் மிகக் கொடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. மனிதர் செத்து விழும்போது கல்லை எண்ணலாமா என்று கேட்பது எளிது. ஆனால் அக்காலத்தும் தச்சன் தச்சுவேலை செய்தான். ஆசிரியர் பாடம் நடத்தினார். ஒருவர் தன் தொழிலைச் செய்ததே குற்றமாகிவிடாது. கேட்கத்தக்க கேள்வி வேறொன்று. ஆயிரமாண்டுப் பழைய சிற்பத்தில் செதுக்கப்பட்ட முகத்தைக் கூர்ந்து நோக்கப் பழகிய கண், அகழ்வுக்குழியில் மண் சுமக்கும் மனிதரின் முகத்தையும் அதே கூர்மையுடன் நோக்கியதா? புலமை என்பது கண்ணை அகலப்படுத்த வேண்டும். ஒன்றைக் காணக் கற்பதால் மற்றொன்றைக் காணாமற் போகுமாயின், அப்புலமையில் எங்கோ ஊனம் இருக்கிறது.

தியாகதுருகத்துப் பாறை

படைவரலாற்றில் இவ்வூனம் இன்னும் தெளிவாய்த் தென்படும். சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, சமவெளியில் திடுமென எழுந்து நிற்கிறது தியாகதுருகத்துப் பாறைமலை. கருநாடகப் போர்களில் இக்கோட்டை பலமுறை கைமாறியது. 1760இல், புதுச்சேரியைக் காக்க ஐதர் அலியின் படையுதவியை நாடிய பிரெஞ்சுத் தளபதி லாலி, உதவிக்கு ஈடாக இக்கோட்டையை மைசூர்ப் படையிடம் ஒப்படைத்தார். புதுச்சேரி 1761 ஜனவரியில் வீழ்ந்தது. அடுத்த மாதமே தியாகதுருகமும் நீண்ட முற்றுகைக்குப் பின் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. 1790இல் திப்பு சுல்தான் இதைத் தாக்கினார். முன்பு வந்தவாசிக் கோட்டையைக் காத்துப் புகழ்பெற்ற பிளின்ட் என்னும் படைத்தலைவர் அத்தாக்குதலை முறியடித்தார்.

இவற்றையெல்லாம் நாம் அறிவது எவ்வாறு? இராபர்ட் ஓர்ம் முதல் வில்சன் வரை படைவரலாறு எழுதியோர் நாள்தோறும் நடந்தவற்றை நுட்பமாகக் குறித்துவைத்ததால் அறிகிறோம். எந்தத் தளபதி எந்தப் பக்கம் ஏறினார், எத்தனை பீரங்கி, எத்தனை நாள் முற்றுகை என்பன அனைத்தும் பதிவாகியுள்ளன. அந்நுட்பத்தை நாம் மதிக்கவே வேண்டும்.

ஆனால் அதே முற்றுகையை ஓர் உழவரின் களத்துமேட்டிலிருந்து நோக்குவோம். பீரங்கிகள் தாமாக நகர்வதில்லை. அவற்றை இழுத்த மாடுகள் யாருடைய தொழுவத்திலிருந்து அவிழ்க்கப்பட்டன? படை தங்கிய இடத்தில் தீவனமாய் அறுக்கப்பட்ட பயிர் யார் விதைத்தது? அக்கிணறுகளின் நீர் எத்தனை குடும்பங்களின் நீர்? கொடி மாறிய ஒவ்வொரு முறையும், சுற்றுவட்டார மக்கள் புதிய தலைவருக்கும் தானியம் அளந்திருப்பர். படைவரலாற்றில் மனிதர் ‘பலம்’ என்ற தலைப்பில் நுழைந்து ‘இழப்பு’ என்ற தலைப்பில் வெளியேறுகின்றனர். சுமைகாரரும் மாட்டுக்காரரும் அவ்விரு தலைப்பிலும் பெரும்பாலும் இடம் பெறுவதில்லை.

‘பதிவேட்டில் இல்லாத பெயரை வரலாற்றாசிரியர் எங்கிருந்து எடுப்பார்?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இல்லாத பெயரைப் புனைந்து எழுதுவது பொய். அது இறந்தவருக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது. ஆனால் பெயர் தெரியாமைக்கும் ஆளே இல்லாமைக்கும் வேறுபாடு உண்டு. ‘இங்கே மனிதர் இருந்தனர், அவர்கள் பெயர் நமக்கு எட்டவில்லை’ என்று ஒரு வரி எழுதுவதற்கு எந்த ஆவணமும் தேவையில்லை. விருந்தில் வராதவருக்கும் ஓர் இலை போட்டு வைப்பதுபோல, வரலாற்றில் அந்த வெற்றிடத்தை வெற்றிடமாகவே காட்டிவைப்பதும் நேர்மையின் பாற்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் பெயர்ப்பலகை சிதைந்துபோன குழிமேட்டுக்கும் நாம் ஒரு மெழுகுவர்த்தி வைக்கிறோம். யாருக்கு என்று கேட்டால் பதில் தெரியாது. யாரோ ஒருவர் அங்கே இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். அதுவே போதுமான காரணம்.

இவ்வகையில் சூவெலுக்கு ஒரு பெருமை உண்டு. நாட்காட்டி நூலின் முகப்பில் தீட்சித்தின் பெயர் அவர் பெயரோடு சேர்ந்தே அச்சாயிற்று. ஆளும் இனத்தவர் ஒருவர், ஆளப்படும் இனத்தவர் ஒருவரைத் தம்மோடு ஒத்த ஆசிரியராக அறிவிப்பது 1896இல் அடிக்கடி நிகழ்ந்த ஒன்றன்று. ஆனால் பட்டியல் தொகுதிகளின் கதை வேறு. வருவாய்த்துறை வழியே ஊர்தோறும் திரட்டி அனுப்பப்பட்ட செய்திகள் இல்லாமல் அத்தகைய நூல் உருவாகியிருக்க முடியாது. ‘எங்கள் ஊர்க் கோயில் சுவரில் எழுத்து இருக்கிறது’ என்று சொன்ன எத்தனையோ கணக்குப்பிள்ளைகளும் பூசாரிகளும் அப்பட்டியலுக்குப் பின்னே மறைந்து நிற்கின்றனர். அறிஞர் ஒருவருக்குக் காட்டிய மரியாதை, அவ்வெளியோர்க்கும் உரியதன்றோ?

மலையின் நினைவு

விஜயநகரம் பற்றிய தம் நூலுக்குச் சூவெல் இட்ட பெயர், அதனை ‘மறக்கப்பட்ட பேரரசு’ என்கிறது. மறந்தவர் யார்? ஆங்கிலம் படித்தவர்களின் வரலாற்று நூல்களில் அப்பேரரசுக்கு உரிய இடம் இல்லாதிருந்தது என்பதே அவர் கருத்து, அது உண்மையுமாகும். ஆனால் அம்பியில் விருப்பாட்சர் கோயில் விளக்கு அணையவில்லை. தமிழகக் கோயில்களின் இராய கோபுரங்கள் பேர் மாறவில்லை. கல்வராயன் மலையிலோ, அப்பேரரசின் நினைவு வெறும் நினைவாகக்கூட இல்லை, ஆட்சியுரிமையாகவே உயிரோடிருந்தது.

கல்வராயன் மலைப்பகுதி சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற பட்டப்பெயருடைய மூன்று பாளையக்காரர் குடும்பங்களின் பிடியில் நெடுங்காலம் இருந்தது. பின்னாளில் இவர்கள் ஜாகீர்தார் எனப்பட்டனர். இம்மலை கிருஷ்ணதேவராயர் காலத்தில் தம் முன்னோர்க்கு வழங்கப்பட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவந்த மரபு. கிருஷ்ணதேவராயரின் ஆட்சி 1509 முதல் 1529 வரை. அவர் பெயரைச் சொல்லிப் பெறப்பட்ட உரிமை, விஜயநகரம் வீழ்ந்தபின்னும், நவாபும் கும்பினியும் அரசியும் வந்து போனபின்னும், நாடு 1947இல் விடுதலை பெற்றபின்னும் தொடர்ந்தது. 1976இல்தான் அரசு அம்மலையை நேரடியாகத் தன் பொறுப்பில் ஏற்றது. கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23ஆம் பிரிவுடன் நம் அரசியலமைப்பு 1950இல் நடைமுறைக்கு வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. அந்த இருபத்தாறு ஆண்டு இடைவெளியில் மலைமக்கள் ஊதியமின்றி உழைத்தும் வரி செலுத்தியும் வாழ்ந்தனர். விடுதலை மலையேற அத்தனை காலம் பிடித்தது.

இங்கே நம் சிந்தனை ஒரு திருப்பத்தைச் சந்திக்கிறது. ஆங்கிலேயரின் ஆவணம் ஆள்வோர்க்குச் சார்பானது. மக்களின் நினைவோ தூயது என்று நாம் முடிவு கட்டிவிட இயலாது. ஒரு பேரரசரின் கொடை பற்றிய நினைவே மலைமக்களின் முதுகில் சுமையாக ஏற்றப்பட்டது. நினைவு விளக்காகவும் இருக்கும், விலங்காகவும் இருக்கும். ஆகவே எந்த நினைவையும், அது எழுத்தில் இருப்பினும் வாய்மொழியில் இருப்பினும், ஒரு கேள்வி கேட்டுத்தான் ஏற்க வேண்டும்: இந்நினைவு யாரைத் தாங்குகிறது, யார் மேல் ஏறி நிற்கிறது?

சூவெலின் வறட்டுக் கணக்கு வேலைக்கு ஓர் அறப்பயன் உண்டென்பது இவ்விடத்தில்தான் விளங்குகிறது. இராய்ச்சூர்ப் போர் 1522இல் நடந்தது என்று நூனிஸ் எழுதியிருந்தார். தாம் பெரிதும் மதித்து மொழிபெயர்த்த ஆசிரியர் சொன்னது என்பதற்காகச் சூவெல் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கிழமையையும் திங்களின் நிலையையும் கணக்கிட்டுப் பார்த்து, 1520ஆம் ஆண்டு மே 19, சனிக்கிழமையே பொருந்துவது என்று வாதிட்டார். இரண்டாண்டு வேறுபாட்டில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்கலாம். ஆனால் செப்பேட்டைக் காட்டி நிலம் கேட்கும் வலியவன் முன் எளியவனுக்கு உள்ள ஒரே காப்பு, அச்செப்பேட்டின் நாளும் கோளும் பொருந்துகின்றனவா என்று அஞ்சாமல் கணக்கிடும் ஒருவர் இருப்பதுதான். உண்மையைச் சரிபார்க்கும் பழக்கம் அறிஞரின் பொழுதுபோக்காகத் தொடங்கினாலும், இறுதியில் அது ஏழையின் உடைமையாக முடியக்கூடும். ஆகவே நினைவு மட்டும் போதாது. நினைவைச் சோதிக்கும் நேர்மையும் வேண்டும்.

மலைமக்களின் நினைவில் வேறொரு பாடமும் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து இம்மலைக்கு வந்த தம் முன்னோர், இங்கே வாழ்ந்த வேடரைக் கொன்று, அவர்தம் பெண்டிரை மணந்தனர் என்று அவர்களிடையே ஒரு கதை வழங்கியது. கொல்லப்பட்ட வேடக் கணவனைக் குறிக்கும் வகையில் திருமணத்தின்போது வானை நோக்கி ஒரு துப்பாக்கி வேட்டு வெடிப்பது வழக்கம் என்று, 1906ஆம் ஆண்டுத் தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் டபிள்யூ. பிரான்சிஸ் குறித்துள்ளார். அக்கதை வரலாற்று உண்மையா என்பது வேறு செய்தி. எத்தனை வெற்றிபெற்ற இனங்கள், தாம் மகிழும் நாளில், தம் மகிழ்ச்சிக்காக இறந்தவனையும் ஒரு கணம் நினைத்தன? மணவிழாவில் எழும் அந்த ஒற்றை வேட்டு, தோற்றவன் ஒருவன் இருந்தான் என்பதை அறிவித்துவிடுகிறது. ஐந்து தொகுதிப் படைவரலாற்றில் நாம் தேடிய ஏதோ ஒன்று, எழுத்தறியா மக்களின் சடங்கில் இருக்கிறது.

நாம் எழுதும் வரலாறு

விக்டோரியா காலத்து அறிஞரைத் தராசில் நிறுத்துவது எளிது. அவர்கள் மறுமொழி சொல்ல வரப்போவதில்லை. அதே தராசில் நாம் ஏறி நிற்பதே கடினம்.

நம் ஊர்களின் கோயில் பொன்விழா மலர்களைப் புரட்டிப் பார்ப்போம். அடிக்கல் நாட்டியவர் யார், மந்திரித்தவர் யார், மணி வாங்கித் தந்தவர் யார், பங்கில் பணியாற்றிய குருக்கள் யார் யார், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பனவெல்லாம் ஒழுங்காக இருக்கும். நன்கொடையாளர் பட்டியல் தொகை வாரியாக இறங்குவரிசையில் இருக்கும். அக்கோயிலுக்குக் கருங்கல் உடைத்தவர், சாரம் கட்டியவர், ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டிப் பெருக்கிய விதவைத் தாய் ஆகியோரின் பெயர் இருக்குமா? முன்வாயில் வழி வர இயலாமல் ஒருகாலத்தில் தனியே நிறுத்தப்பட்டோரின் கதை எந்தப் பக்கத்தில் இருக்கும்? தீட்சித்தின் பெயரை அச்சிட்டு, கணக்குப்பிள்ளையின் பெயரை விட்டுவிட்ட அதே வழக்கம் நம்மிடமும் தொடர்கிறது. இதற்கு ஆங்கிலேயர் தேவையில்லை.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. ஆயினும் தமிழகத்தின் பெரும்பாலோர் அப்பெயரை உரக்கக் கேட்டது 2024 ஜூனில்தான். நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரம் அப்போது நிகழ்ந்தது. அதையொட்டி, கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மலைக்குச் சாலை உண்டா, மருத்துவம் உண்டா, பள்ளி உண்டா என்று நீதிமன்றம் கேட்க நேர்ந்தது. அச்சாவுகளுக்கு முன்னும் அம்மக்கள் அங்கேதான் இருந்தனர். வெள்ளிமலையும் சேராப்பட்டும் கரியாலூரும் வரைபடத்தில் இருந்தன. போரின்போது கோட்டையாகவும், சாவின்போது செய்தியாகவும் மட்டும் ஒரு நிலம் நம் நினைவுக்கு வருமானால், மறதி வரலாற்று நூல்களில் இருந்து நம் அன்றாடத்துக்குள் குடியேறிவிட்டது என்றே பொருள்.

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இப்போது விடை காண முயல்வோம். நாம் கண்டிராதவரை நினைவில் வைக்கும் கடமை நமக்கு உண்டு. ஏனெனில் அவர்கள் வெட்டிய கிணற்று நீரை நாம் குடிக்கிறோம். அவர்கள் திருத்திய நிலத்தில் விளைந்ததை உண்கிறோம். பெற்றது அரசரிடமிருந்து மட்டும் அன்று. ஆகவே கடனும் அரசரோடு முடியாது. ஆனால் இக்கடனை இறந்தவரிடம் நேரே திருப்பிச் செலுத்த வழியில்லை. அவர்கள் நிலையில் இன்று இருப்பவரிடம்தான் செலுத்தியாக வேண்டும். பெயரற்றுப் போன சுமைகாரருக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை, இன்று நம் முன்னே சுமை தூக்கும் மனிதரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது.

இதற்குப் பெரும்புலமை தேவையில்லை. மலையில் 1976இல் இருபது வயதில் இருந்தவர் இன்று எழுபதை எட்டியிருப்பர். ஊதியமின்றி உழைத்த நாள்களையும், அது நின்றுபோன நாளையும் தம் கண்ணால் கண்டவர்கள் அவர்களே. அவர்கள் சொல்லக் கேட்டு, சொன்னவரின் பெயரோடும் ஊரோடும், அவர் இசைவுபெற்று எழுதிவைக்க ஒரு பள்ளி நோட்டு போதும். சொல்வதை அப்படியே எழுதவும், ஆண்டும் நாளும் பொருந்துகின்றனவா என்று பார்க்கவும் பொறுமை வேண்டும். அப்பொறுமையைச் சூவெலிடமிருந்து நாம் கற்கலாம். அவர் தாம் ஆண்ட மண்ணின் கற்களுக்காக ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்தார். நாமோ இம்மண்ணில் பிறந்தவர்கள். நம் உறவினர்க்காக ஓர் ஆண்டேனும் உழைக்கக் கூடாதா?

இன்னும் பத்தாண்டு கழித்து அம்முதியோரைத் தேடிச் சென்றால், அவர்தம் குழிமேடுகளே நமக்கு மறுமொழி சொல்லும். ‘மறந்தவர் யார்?’ என்ற வினாவை அப்போது யாரும் ஆங்கிலேயரிடம் கேட்கப்போவதில்லை. நம்மிடமே கேட்பார்கள்.